பேசினால்தான் ஜெயிக்க முடியும்: பிள்ளைகளை ஆன்லைனில் ஒரு குழுவாக விளையாட வைக்க முழு வழிகாட்டி

நாலு பிள்ளைகளை ஒரே கேமுக்குள் விட்டால் தானாகவே சேர்ந்து வேலை செய்யப் பழகிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் பெரும்பாலான பெற்றோர் ஆரம்பிக்கிறார்கள். நடப்பதோ வேறு. பெரியவன் எல்லாவற்றையும் தானே செய்து முடிப்பான், சின்னவள் சும்மா சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பாள், மூன்றாவது ஆள் மைக்கை அணைத்துவிட்டு வேறு ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருப்பான், நாலாவது ஆள் "என்னை யாரும் சேர்த்துக்கவே மாட்டேங்கிறாங்க" என்று அம்மாவிடம் போய் நிற்கும்.

ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவருக்கு வேண்டும், அதை வாயால் சொல்வதைத் தவிர வேறு வழியே இல்லை. இந்த நிலைமையை உண்டாக்கும் விளையாட்டில்தான் பிள்ளைகள் பேசப் பழகுகிறார்கள். மற்றவை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதுதான். கீழே உள்ள வரிசை 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கானது: வெவ்வேறு ஊரில் இருக்கும் சித்தி பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள், பள்ளி மாறிப்போன தோழர்கள், ஒரே அடுக்குமாடியில் வேறு வேறு வீட்டில் இருப்பவர்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். எடுத்த எடுப்பில் மைன்கிராஃப்டில் (கட்டை கட்டையாக அடுக்கி உலகம் கட்டும் கேம்) ஆரம்பிப்பவர்கள்தான் ரெண்டாவது வாரமே சண்டையோடு மூட்டை கட்டுகிறார்கள்.

1. முதலில் ஆட்கள், அப்புறம் கேம்

மூன்று முதல் ஐந்து பேர். ஆறாவது ஆள் வந்ததும் ஒரே நேரத்தில் ரெண்டு பேச்சு ஓட ஆரம்பிக்கும், கூச்சப்படுகிற பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும். ஆறு பேர் ஆகிவிட்டால் தயங்காமல் மூன்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள்.

வயது இடைவெளி மூன்றுக்குள் இருக்கட்டும். 13 வயது அக்காவும் 8 வயதுத் தம்பியும் ஒரே குழுவில் என்றால் அக்கா உத்தரவு போடுவாள், தம்பி கேட்பான், அவ்வளவுதான் நடக்கும். வேறு வழியில்லை என்றால் தகவல் வைத்திருக்கும் பொறுப்பைச் சின்னவனுக்குக் கொடுங்கள். எப்படி என்று 6-ஆம் படியில் வருகிறது.

2. முந்தைய நாளே முடிக்க வேண்டிய வேலைகள்

பாதி அமர்வுகள் கெட்டுப்போவது "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்பதிலேயே. அதனால் இவற்றை முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள்.

பேசுவதற்குத் தனியாக ஒரு அழைப்பு வேண்டும். கேமுக்குள் இருக்கும் குரல் வசதியை நம்ப வேண்டாம், அதில் முன்பின் தெரியாதவர்களும் வரலாம். பெற்றோரின் கணக்கிலிருந்து ஜூம் அல்லது கூகுள் மீட் போதும். ஜூமின் இலவச அழைப்பு 40 நிமிடத்தில் நின்றுவிடும். மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். இதைக் குறையாக நினைக்க வேண்டாம், "நேரமாச்சு" என்று நீங்கள் கத்த வேண்டிய வேலை மிச்சம். டிஸ்கார்டுக்கும் (கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் செயலி) வாட்ஸாப்புக்கும் குறைந்தபட்ச வயதே 13, ஆகவே பிள்ளை பெயரில் கணக்கு தொடங்கிக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் மைக் உள்ள ஹெட்போன். விலை உயர்ந்தது தேவையில்லை, போனோடு வந்த பழைய ஒயர் ஹெட்போனே போதும். ஒரே வீட்டில் ரெண்டு பேர் விளையாடுகிறார்கள் என்றால் வேறு வேறு அறையில் உட்கார வையுங்கள். ஒரே அறை என்றால் ஒருவர் மைக் மற்றவர் குரலை வாங்கி எதிரொலி கிளம்பும். அதைவிடப் பெரிய தொந்தரவு, பக்கத்தில் இருப்பவன் திரையை எட்டிப் பார்த்துவிடுவான். பேச வேண்டிய அவசியமே போய்விடும்.

போனில் பணம் கட்டும் வழியைப் பூட்டுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். அழைப்புக்கும் கேம் அறைக்கும் உரிய இணைப்பை (லிங்க்) குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாமல் அந்தந்தப் பெற்றோருக்குத் தனித்தனியாக அனுப்புங்கள், இணைப்பு கிடைத்த யாரும் உள்ளே வரலாம் என்பதால். விளையாட்டில் முழுப் பெயரோ பள்ளிப் பெயரோ வேண்டாம், பட்டப்பெயர் போதும். அதைத் தேர்ந்தெடுப்பதே பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் இருந்தால் நேரத்தை இந்திய நேரம், அவர்கள் நேரம் ரெண்டிலும் எழுதி அனுப்புங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே மாலை 7 மணி என்றால் அங்கே இரவு ஒன்பதரை, அந்தப் பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டுதான் விளையாடும். காலை நேரமே எல்லோருக்கும் ஒத்துவரும்.

3. மூன்று பேச்சு விதிகள்

விதிகள் மூன்றுக்கு மேல் வேண்டாம், ஞாபகம் இருக்காது. ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

முதல் விதி, பெயரைச் சொல்லிவிட்டுச் செய்தியைச் சொல்ல வேண்டும். "டேய் அதை எடு" என்றால் நாலு பேரும் எடுப்பார்கள், அல்லது யாரும் எடுக்க மாட்டார்கள். "நிலா, நீ மரம் வெட்டு" என்றால் நிலாவுக்குத் தெரியும்.

இரண்டாவது, கேட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும். "சரி", "ம்ம்" போதாது. "மூணாவது ஒயரை வெட்டு" என்றால் "மூணாவது ஒயர், வெட்டறேன்" என்று பதில் வர வேண்டும். விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டு அறையும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் இதைக் கெத்தாகவே செய்வார்கள்.

மூன்றாவது, யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம், சொன்னால் எல்லோரும் கையை எடுக்க வேண்டும். இது கூச்சப்படும் பிள்ளைக்காக வைத்த விதி. நீளமாக வாதாட வராத பிள்ளைக்கும் ஒரு சொல் வரும்.

4. முதல் அமர்வு: கேம் வேண்டாம், கோலம் போதும்

ஒரு காகிதம், ஒரு பென்சில், வீடியோ அழைப்பு. செலவு ஒன்றுமில்லை.

ஒரு பிள்ளைக்கு மட்டும் 5 புள்ளி 5 வரிசை நேர்ப்புள்ளிக் கோலம் ஒன்றை அனுப்புங்கள், கோடு இழுத்துச் சேர்ப்பது மாதிரி எளிமையானதாக. சிக்குக் கோலம் இப்போதைக்கு வேண்டாம். மற்றவர்கள் வெறும் புள்ளிகளை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கோலம் வைத்திருக்கும் பிள்ளை பார்த்துப் பார்த்துச் சொல்ல, மற்றவர்கள் வரைய வேண்டும். படத்தைக் காட்டக் கூடாது, கையால் காற்றில் வரைந்து காட்டவும் கூடாது. இதற்காகவே சொல்கிற பிள்ளையின் கேமராவை அணைத்துவிடுங்கள்.

முதல் சுற்றில் "அங்கேருந்து இப்படி வந்து, அப்படியே மேல போ" என்று வரும். நாலு காகிதத்திலும் நாலு விதக் கிறுக்கல். அப்போது நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள், எல்லோரையும் காகிதத்தைக் கேமராவில் காட்டச் சொல்லுங்கள், சிரித்து முடிக்கட்டும். அடுத்த சுற்றில் யாராவது ஒருவர் "வரிசைக்கு நம்பர் போட்டுக்கலாமா?" என்று கேட்பார்கள். அதுதான் இந்த அமர்வின் பலன். வரைவதற்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஏற்பாடு தேவை என்று அவர்களே கண்டுபிடித்தாகிவிட்டது.

இரண்டாவது சுற்றிலும் யாரும் கேட்கவில்லை என்றால், "மூணாவது வரிசையில் இடது பக்கத்திலிருந்து ரெண்டாவது புள்ளி" என்று ஒரே ஒரு உதாரணம் கொடுங்கள், போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஜூமில் நம் படம் நமக்கு மட்டும் கண்ணாடியில் போல இடவலம் மாறித் தெரியலாம், மற்றவர்களுக்கு நேராகத் தெரியும். கோலத்தைக் காட்டும்போது "நீ தப்பா போட்டிருக்கே" என்று வரும் சண்டையில் பாதிக்கு இதுதான் காரணம். அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம்.

5. இரண்டாவது அமர்வு: சூடேற்ற உலாவி விளையாட்டு

இங்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை, ஒரு அமர்வு போதும். ஸ்கிரிபிள் டாட் ஐஓ, கார்டிக் போன் இரண்டும் உலாவியிலேயே இலவசமாக ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். தனி அறை உருவாக்கித்தான் விளையாட வேண்டும், பொது அறைக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். அங்கே முகம் தெரியாதவர்கள் எதை வேண்டுமானாலும் வரைவார்கள்.

ஸ்கிரிபிள் வரைந்து கண்டுபிடிக்கும் ஆட்டம், இயல்பில் போட்டிதான். அதைக் குழு ஆட்டமாக்க ஒரு தந்திரம்: தனித்தனிப் புள்ளியைப் பார்க்காமல் எல்லோருடைய புள்ளியையும் கூட்டுங்கள், அடுத்த சுற்றில் அந்தக் கூட்டுத்தொகையை மிஞ்ச வேண்டும் என்று சொல்லுங்கள். உடனே நன்றாக வரைபவள் வேகத்தைக் குறைத்துத் தெளிவாக வரைய ஆரம்பிப்பாள். சொந்தச் சொற்களைச் சேர்க்கும் வசதி இருக்கிறது, ஆட்டுக்கல், முறுக்கு, மாட்டுவண்டி என்று போட்டால் சிரிப்புக்குக் குறைவிருக்காது. ஆனால் தமிழில் சொல் கொடுத்தால் விடையையும் தமிழிலேயே பிழையில்லாமல் தட்டச்சு செய்ய வேண்டும். போனில் தமிழ் விசைப்பலகை போட்டுக் கொடுக்காமல் ஆரம்பித்தால் பிள்ளைகள் திணறிப்போவார்கள்.

கார்டிக் போனில் ஒருவர் எழுதும் வாக்கியத்தை அடுத்தவர் வரைவார், அந்தப் படத்தைப் பார்த்து அடுத்தவர் வாக்கியம் எழுதுவார். கடைசியில் எங்கே எப்படி மாறியது என்று முழு வரிசையும் திரையில் வரும். அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்க விடுங்கள். நாம் சொன்னது ஒன்று, அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்தது இன்னொன்று என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது.

6. மூன்று முதல் ஐந்தாவது அமர்வு வரை: தகவலைப் பிரித்து வைப்பது

இதுதான் முழு வரிசையிலும் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள்.

2015-இல் வந்த 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' என்ற கேம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். ஒருவர் திரையில் மட்டும் ஒரு குண்டு தெரியும், ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யும் வழி அவருக்குத் தெரியாது. மற்றவர்களிடம் கையேடு இருக்கும், குண்டு தெரியாது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், பேசித்தான் தீர்க்க வேண்டும். கேமைக் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒருவர் மட்டும்தான். 23 பக்கக் கையேடு இணையத்தில் இலவசம், அச்சடித்துக் கொள்ளலாம். குண்டு என்ற விஷயமே வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் இருப்பார்கள், அது நியாயம்தான், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு மாற்று வழி கீழே இருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் கையேட்டில் ஒயர், பட்டன், குறியீட்டுப் பலகை ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் எடுத்து ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள். முழுக் கையேட்டையும் எல்லோருக்கும் கொடுத்தால் வேகமாகப் படிப்பவள் மட்டும் பேசுவாள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பிரித்துக் கொடுத்தால் யார் ஒருவர் இல்லாவிட்டாலும் ஆட்டம் நகராது. வாய் திறக்காத பிள்ளைக்கோ குழுவில் சின்னவனுக்கோ குறியீட்டுப் பலகையைக் கொடுங்கள். அதில் அதிகம் படிக்க வேண்டியதில்லை, நிறையப் பேச வேண்டும்.

கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்வழிப் பிள்ளைகள் இருந்தால் முந்தைய நாளே அவரவர் பக்கத்தை உட்கார்ந்து ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள், ஓரத்தில் தமிழில் குறித்துக்கொள்ளட்டும். கடிகாரம் ஓடும்போது அகராதி புரட்ட முடியாது.

எப்படி நடக்கும் என்று ஒரு உதாரணம். "ஒயர் இருக்கு" என்பான் குண்டுக்காரன். "எத்தனை ஒயர்?" என்று கேட்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் மூன்று ஒயருக்கு ஒரு விதி, ஐந்துக்கு வேறு விதி. மூன்று ஒயரில் சிவப்பே இல்லை என்றால் இரண்டாவதை வெட்ட வேண்டும். ஐந்து ஒயர் என்றால் குண்டின் வரிசை எண்ணில் கடைசி இலக்கம் ஒற்றைப்படையா என்று கேட்க வேண்டி வரலாம். ஆக, சொல்பவனுக்கு எதைச் சொல்வது முக்கியம் என்று தெரியாது, கேட்பவள்தான் கேள்வி கேட்டு வாங்க வேண்டும். கேள்வி கேட்பதும் பேச்சுத்திறன்தான், வீட்டில் நாம் பெரும்பாலும் அதைச் சொல்லித் தருவதில்லை.

குறியீட்டுப் பலகையில் பெயரே இல்லாத விசித்திரக் குறிகள் இருக்கும். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்: "வால் வெச்ச ஓ", "தலைகீழ் கேள்விக்குறி", "ஏணி". குறிகளுக்கு எல்லோரும் ஒரே பெயரை வைத்துக்கொள்ளும் வரை குண்டு வெடித்துக்கொண்டேதான் இருக்கும். வெடிக்கட்டும். இரண்டு தப்பு வரை கேம் பொறுக்கும், மூன்றாவதில் வெடித்துவிடும், ஒவ்வொரு தப்புக்கும் கடிகாரம் வேகமாகும். முதல் நாள் வெற்றி பெறாமல் போனால் கவலையே வேண்டாம்.

கேம் வாங்கியவர் வீட்டில்தான் குண்டு தெரியும் என்பதால், குண்டுக்காரன் வேலை சுழல வேண்டுமென்றால் இரண்டாவது வீட்டிலும் வாங்க வேண்டும். அதுவரை கையேட்டுப் பக்கங்களையாவது ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றுங்கள். ஒரே பிள்ளை ஒரே பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டால் பேச்சு நின்று வேகம் மட்டும்தான் மிஞ்சும்.

வாங்க விரும்பாதவர்களுக்கு: பத்துத் தீக்குச்சி, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, நாலு நாணயம் வைத்து மேசையில் ஒரு அமைப்பு செய்யுங்கள். ஒரு பிள்ளை அதைப் பார்க்கும், மற்றவர்கள் தங்கள் வீட்டில் அதே பொருள்களை வைத்துக் கேள்வி கேட்டுக் கேட்டு உருவாக்க வேண்டும். ஏழு நிமிடம். முடிந்ததும் புகைப்படம் எடுத்து ஒப்பிடுங்கள். குண்டின் பரபரப்பு இருக்காது, வேலை அதேதான்.

7. அதற்கப்புறம் மைன்கிராஃப்ட்: இரண்டு கரையிலிருந்து ஒரு பாலம்

முதலில் பதிப்பு. போன், டேப்லட், கேம் கன்சோல் எல்லாவற்றிலும் ஓடுவது பெட்ராக் பதிப்பு. கணினியில் ஜாவா பதிப்பும் உண்டு, ஜாவாவில் இருப்பவர் பெட்ராக் உலகத்துக்குள் வர முடியாது. எல்லோரும் பெட்ராக், எல்லோரும் ஒரே புதுப்பித்தலில் இருக்க வேண்டும். முதல் நாள் இரவே புதுப்பித்துவிடுங்கள். பிள்ளைகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் மற்றவர்களோடு விளையாடப் பெற்றோர் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும், இதிலேயே அரை மணி நேரம் போகும் என்று எதிர்பாருங்கள்.

உலகத்தை உருவாக்கும்போது கிரியேட்டிவ் முறையைத் தவிருங்கள். அதில் எல்லாப் பொருளும் அளவில்லாமல் கிடைக்கும், யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை, நாலு பேரும் நாலு மாளிகை கட்டுவார்கள். சர்வைவல் முறையை வைத்து, கடினத்தைப் பீஸ்ஃபுல் ஆக்குங்கள். பூதங்கள் வராது, பசிக்காது, ஆனால் மரமும் கல்லும் தேடித்தான் எடுக்க வேண்டும். இட ஆயத்தொலைவுகளை (நிற்கும் இடத்தையும் உயரத்தையும் சொல்லும் எண்கள்) காட்டும் வசதியை இயக்குங்கள், ஒருவரையொருவர் அடிக்கும் வசதியையும் வெடிமருந்து வெடிப்பதையும் அணையுங்கள்.

வேலை இதுதான்: ஒரு ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டிரண்டு பேர், நடுவில் சந்திக்கும் ஒரே பாலம். ஒரு கரைக்காரர்கள் மரம் மட்டும்தான் எடுக்கலாம், மறு கரைக்காரர்கள் கல் மட்டும். பாலத்தில் இரண்டும் இருக்க வேண்டும். ஆகவே கொடுத்து வாங்கியே ஆக வேண்டும்.

கட்ட ஆரம்பிக்கும் முன் பத்து நிமிடம் யாரும் ஒரு கட்டையையும் வைக்கக் கூடாது. எத்தனை கட்டை அகலம், எந்த உயரம், எந்த இடத்தில் சந்திப்பது என்று பேசி முடிவு செய்து ஒருவர் காகிதத்தில் எழுத வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டுவதுதான் எல்லோருக்கும் கஷ்டம். அதைத் தாண்டாத குழுவின் பாலம் நடுவில் ஒரு கட்டை தள்ளி நிற்கும். நீங்கள் உள்ளே போய்ச் சரி செய்யாதீர்கள். "உங்க பக்கம் தப்பு" என்று இரண்டு கரையும் கொஞ்ச நேரம் கத்தும், அப்புறம் யாரோ ஒருவர் உயர எண்ணைப் பார்த்து "உங்களுது 66, எங்களுது 67" என்பார். கத்தல் அங்கே நின்று கணக்கு ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் உலகத்தை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். யாராவது கோபத்தில் இடித்துவிட்டால் பழையதைத் திறந்துவிடலாம், அழுகையும் தண்டனையும் மிச்சம். உலகத்தை உருவாக்கியவர் உள்ளே இல்லாதபோது மற்றவர்கள் நுழைய முடியாது என்பதும் ஒரு வசதிதான், வாரம் நடுவில் ஒருவன் மட்டும் போய்ப் பாலத்தை முடித்துவைக்க மாட்டான்.

8. விளையாடும் நேரத்தில் உங்கள் வேலை

மைக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு தாளில் யார் எத்தனை முறை பேசினார்கள் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். அமர்வு முடிந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், நாம் "நல்லாப் பேசறா" என்று நினைத்த பிள்ளை மற்றவர்களைப் பேசவிடாமல் இருந்திருப்பாள். அந்தத் தாளைப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டாம், அடுத்த வாரம் யாருக்கு எந்தப் பொறுப்பு என்று முடிவு செய்ய அது உங்களுக்கு.

அப்பாக்கள் செய்யும் வழக்கமான தப்பு ஒன்று உண்டு, பின்னால் நின்று "டேய், மூணாவது ஒயர்டா!" என்பது. விடை சரியாகவே இருக்கும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து பிள்ளை கூட்டாளிகளைக் கேட்பதை விட்டுவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்க்கும்.

உள்ளே வர வேண்டியது மூன்று சமயத்தில் மட்டும்: யாரையாவது கேலி செய்து அழ வைத்தால், தெரியாதவர் யாராவது அறைக்குள் வந்தால், தொழில்நுட்பம் மக்கர் செய்தால்.

9. முடிந்ததும் ஐந்து நிமிடம்

கேமை மூடிய உடனே, அழைப்பைத் துண்டிக்கும் முன். சாப்பிட்டுவிட்டு வந்து பேசலாம் என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். ஜூமின் 40 நிமிடத்தில் 35-இல் ஆட்டத்தை நிறுத்தினால் சரியாக இருக்கும்.

"யார் தப்பு செய்தது?" என்று கேட்டால் வழக்கு விசாரணை ஆரம்பித்துவிடும். "எந்த இடத்தில் புரியாமல் போச்சு?" என்று கேளுங்கள். அப்புறம் "யார் சொன்ன எது உனக்கு உதவிச்சு?" கடைசியாக "அடுத்த தடவை ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை?" அந்தக் கடைசிப் பதிலை அடுத்த அமர்வின் தொடக்கத்தில் ஞாபகப்படுத்துங்கள். ஞாபகப்படுத்தாவிட்டால் ஐந்து நிமிடப் பேச்சை வெறும் சடங்காக எடுத்துக்கொள்வார்கள்.

பரிசு, சாக்லேட், நட்சத்திரம் எதுவும் வேண்டாம். பரிசு வந்த மறுவாரமே யாருக்கு அதிகம் கிடைத்தது என்ற கணக்குத்தான் ஓடும்.

10. சண்டையும் பாதியில் ஓட்டமும்

தோற்றதும் ஒருவன் டப்பென்று வெளியேறுவான். திரும்பக் கூப்பிட்டுக் கெஞ்சாதீர்கள், மீதிப் பேர் ஆடட்டும். அன்று மாலை அவன் அம்மாவிடமோ அப்பாவிடமோ மட்டும் சொல்லுங்கள், குழுவில் போட வேண்டாம். அடுத்த அமர்வில் அவனுக்குக் கேட்கும் பொறுப்பைக் கொடுங்கள், அதாவது கையேடு. தானே கையால் செய்யும் பொறுப்பில்தான் கோபம் சீக்கிரம் வரும்.

ஒரே பிள்ளை ஒவ்வொரு வாரமும் அழுதுகொண்டே முடிக்கிறது என்றால் குழு பொருந்தவில்லை. வேறு குழுவுக்கு மாற்றுங்கள், அல்லது உங்களோடு மட்டும் கோல விளையாட்டைச் சில நாள் ஆடட்டும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று இழுத்துக்கொண்டே போகாதீர்கள்.

11. திரையை விட்டு வெளியே, அப்புறம் அவர்கள் கையில்

நாலைந்து அமர்வுக்குப் பிறகு நிஜ வேலை ஒன்றைக் கொடுங்கள். வீடு தெரியாமல் சுற்றும் டெலிவரி அண்ணனுக்குப் போனில் வழி சொல்வதைப் பிள்ளையிடம் விடலாம், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. "அண்ணா, இப்ப உங்களுக்கு முன்னாடி என்ன தெரியுது?" என்று முதலில் கேள்வி கேட்கிறதா, இல்லை "அப்படியே நேரா வாங்க" என்கிறதா என்று பாருங்கள். அடுத்த வாரம் எந்தப் படிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு நேரம் குறிப்பது, யாரைக் கூப்பிடுவது, என்ன விளையாடுவது எல்லாவற்றையும் வாரம் ஒரு பிள்ளையிடம் மாற்றி மாற்றி விடுங்கள். நாலு வீட்டு நேரத்தையும் ஒத்துப்போக வைப்பது பாலம் கட்டுவதைவிடக் கஷ்டமான வேலை, ஒரு வாரம் அமர்வே நடக்காமல்கூடப் போகும், போகட்டும். அறையைத் திறப்பதும் இணைப்பை அனுப்புவதும் மட்டும் தொடர்ந்து பெரியவர் கணக்கிலிருந்தே நடக்க வேண்டும், அதைக் கைமாற்றாதீர்கள்.